மனுவின் கடைசி வரி

கணக்கெழுதும் வேலைக்கு மனுவோடு ஜமீன் பங்களாவுக்குள் போனவர் யாரும் திரும்பியதில்லை. வெள்ளத்தாயின் புருஷனும் அப்படித்தான் போனான். ஒருநாள் அவளும் மனு எழுதிக்கொண்டு போனாள்.

உள்ளே புருஷன் மற்றவர்களோடு இமைக்காமல் எழுதிக்கொண்டிருந்தான். நாற்காலியில் இருந்த ஜமீன்தாரின் கால் தரையில் பாவவில்லை.

“உயிருள்ளவரை உழைப்பேன்னு எழுதினியா?”

“எழுதியிருக்கேன் எசமான்.”

கடைசி வரியில் ‘உயிருள்ளவரை’ தெரிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டார்.

“முழுசா வாசிங்க எசமான்.”

“தங்கள் உயிருள்ளவரை நாங்கள் எல்லோரும் உழைப்போம்...”

குரல் நின்றது. நாற்காலி காலியாகிவிட்டது.

புருஷன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். “எசமான் எங்க?”

“அவர் செத்து வருஷக்கணக்காச்சு. நீங்கதான் எழுந்திரிக்க மறந்துட்டீங்க.”