விதைக் கரண்டு

குதிர்ப்பாளையத்துக்காரர்களை நான் முட்டாள்கள் என்று சொல்லவே மாட்டேன். சொன்னால் என்னை அடிக்கக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பினவர்கள் வழி தெரியாமல் வேறு யாரையாவது அடித்துவிட்டுத் திரும்புவார்கள். எதற்கு அடுத்தவனுக்கு வம்பு?

அவர்களுக்கு நெல் தெரியும். காய வைப்பார்கள், குதிரில் கொட்டி மூடுவார்கள், அறுத்ததில் ஐந்தில் ஒரு பங்கை விதைக்கு ஒதுக்குவார்கள். வீடே பட்டினி கிடந்தாலும் அந்தப் பங்கைத் தொட மாட்டார்கள். நெல்லைத் தவிர உலகத்தில் வேறு எது எதிரே வந்தாலும் அதையும் நெல் என்றே நினைத்துக்கொள்வார்கள். தொல்லை அங்கேதான்.

ஒரு சூறைக்காற்றில் டிரான்ஸ்பார்மர் சாய்ந்து ஊரில் கரண்ட் போய்விட்டது. மற்றவர்களுக்குக் கவலையில்லை. செங்கமலத்துக்குத்தான் உயிரே போனது. ஆடுகளை எல்லாம் விற்று, குஞ்சு பொரிக்கும் பெட்டி வாங்கி, இருநூறு வாத்து முட்டை அடுக்கி வைத்திருந்தாள். இன்னும் நான்கே நாள். அதுவரை பெட்டியில் சூடு குறையக் கூடாது.

அவள் அலைந்து திரிந்து கெஞ்சியதில், அன்றைக்கே டவுனிலிருந்து சக்கரம் வைத்த நீலக் கன்டெய்னர் ஒன்று வந்து இறங்கியது. கூரை முழுக்க சோலார் பேனல், உள்ளே ஐந்து பேட்டரி. கூடவே வந்த இன்ஜினியர் நிறைமதி, செங்கமலத்தின் பெட்டிக்கு வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு ஊர்த்தலைவர் அம்பலவாணனிடம் மூன்று விதி சொன்னாள்.

"ஒண்ணு, பேனல்ல நல்லா வெயில் படணும். ரெண்டு, பேட்டரி சூடாகக் கூடாது. மூணு, சேர்த்து வச்ச கரண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு எப்பவும் மிச்சம் இருக்கணும். அதுல கையே வைக்கக் கூடாது. நாலாம் நாள் காலையில வந்துடறேன்."

"மூணு விதி, மூணு நாள்" என்றார் அம்பலவாணன். "ஒரு நாளைக்கு ஒண்ணா முடிச்சிடறோம் மேடம். கவலையே படாதீங்க."

நிறைமதிக்கு அடுத்த ஊருக்குப் போகிற அவசரம். அவர் சொன்னது அவள் காதில் சரியாக விழவில்லை.

முதல் நாள் முதல் விதி. காலையில் வெயில் நன்றாகத்தான் பட்டது. மத்தியானத்துக்கு மேல் சூரியன் மேற்கே நகர ஆரம்பித்ததும் அம்பலவாணனுக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"சிங்காரம், போகுதே! என்ன பண்ணலாம்?"

சிங்காரவேலு எப்போதோ ஒருமுறை பல்பு மாட்டியவர். அதனால் ஊரின் மின்சார நிபுணர் அவர்தான். "சக்கரம் எதுக்கு வச்சிருக்காங்க? பின்னாடியே போறதுக்குத்தான்" என்றார்.

நான்கு ஜோடி மாட்டைப் பூட்டி, கன்டெய்னரை மேற்கே இழுத்தார்கள். வயர் பட்டென்று அறுந்தது. "அடப்பாவிகளா!" என்று கத்திக்கொண்டு செங்கமலம் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி, வயரை முறுக்கிச் சேர்த்து, பின்னாலேயே ஓடினாள். வாய்க்கால் குறுக்கே வந்ததும் மாடுகள் நின்றுவிட்டன. சூரியன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

"கொஞ்சம் எட்டி நடந்திருந்தா பிடிச்சிருக்கலாம்" என்றார் சிங்காரவேலு, மூச்சு வாங்க.

இரண்டாம் நாள் இரண்டாம் விதி. கன்டெய்னரை ராத்திரியே ஊருக்குத் திரும்ப இழுத்து வந்திருந்தார்கள். சிங்காரவேலு பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"காய்ச்சல்தான். மேலேயிருந்து சூடு இறங்குது. கூரையிலே கீத்து வேயணும்."

மத்தியானத்துக்குள் பேனல் ஒன்றுகூடத் தெரியாமல் தென்னங்கீற்று வேய்ந்து, தண்ணீரும் தெளித்துவிட்டார்கள். உள்ளே ஜிலுஜிலுவென்று இருந்தது.

"வெயில் படணும்னு சொன்னாங்களே, கீத்தைப் போட்டு மூடிட்டீங்களே!" என்று செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது நேத்தைய விதி, செங்கமலம்" என்றார் அம்பலவாணன் பொறுமையாக.

மூன்றாம் நாள் காலை கன்டெய்னருக்குள் ஊர்க்கூட்டம் கூடியது. விஷயம் அப்படிப்பட்டது.

"அஞ்சுல ஒரு பங்கு. அதைத் தொடக் கூடாது. அப்படின்னா அது என்னது?" என்றார் அம்பலவாணன்.

எல்லோரும் ஐந்து விரலையும் விரித்து எண்ணிப் பார்த்தார்கள். கடைசியில் இருளப்பன் எழுந்தான். ஊருக்கு நாற்றங்கால் காவல் அவன்தான். "அண்ணே, அது விதை."

"அதானே பார்த்தேன்! படிச்ச பொண்ணு, நாசூக்காச் சொல்லிட்டுப் போயிருக்கு" என்றார் அம்பலவாணன்.

"அப்போ விதைக்கிறதுதானே மரியாதை?" என்றார் சிங்காரவேலு.

ஐந்து பேட்டரியில் ஒன்றைக் கழற்றினார்கள். எந்த வயர் எதற்கு என்று தெரியாததால் சிங்காரவேலு எல்லாவற்றையும் பிடுங்கினார். பேட்டரியை நாற்றங்காலுக்குத் தூக்கிப்போய், சேற்றில் புதைத்து, தண்ணீர் பாய்ச்சி, சோளக்கொல்லைப் பொம்மையும் நட்டார்கள். பறவை கொத்திவிடக் கூடாதே.

பெட்டியில் விளக்கு அணைந்தது. செங்கமலம் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "இருநூறு உசிருய்யா! ஒரு நாள்தான் பாக்கி! இப்படி என் வயித்துல அடிச்சிட்டீங்களே!"

அதைக் கேட்டு ஊரே தலைகுனிந்தது. அவர்களை என்ன சொன்னாலும், கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. இருளப்பன்தான் மெல்லக் கேட்டான், "ஏண்ணே, நம்ம உடம்பும் சூடாத்தானே இருக்கு?"

ஆம்பளைகள் நாற்பது பேர். தலைக்கு ஐந்து முட்டை. மடியில் கட்டியவர்கள் சிலர், அக்குளில் வைத்தவர்கள் சிலர். அம்பலவாணன் வைக்கோல் பரப்பி, வேட்டியை விரித்து, அசையாமல் அடைகாத்தார். தும்மல் வந்தவர்களை மனைவிமார் மூக்கைப் பிடித்து அடக்கினார்கள். இருளப்பன் ஐந்தையும் தலைப்பாகைக்குள் சுற்றிக்கொண்டு விதைக்குக் காவல் போனான்.

நாலாம் நாள் காலை நிறைமதி வந்தபோது, ஊரில் முப்பத்தொன்பது ஆம்பளைகள் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் 'கீ கீ' என்று சத்தம். செங்கமலம் கூடையோடு வீடு வீடாக ஓடிக் குஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழுகையும் சிரிப்பும் அவளுக்கு ஒன்றாக வந்தது. நூற்றுத் தொண்ணூற்றைந்து எண்ணி முடித்துவிட்டாள்.

நிறைமதி கன்டெய்னரைத் திறந்தாள். "ஐந்தாவது பேட்டரி எங்க?"

"விதைச்சாச்சு மேடம்" என்றார் அம்பலவாணன், வேட்டியை உதறிக் கட்டியபடி. "தை மாசம் வாங்க, அறுப்பு."

"எங்க விதைச்சீங்க?" என்று அவள் கத்தினாள். எல்லோரும் நாற்றங்காலுக்கு ஓடினார்கள். அங்கே இருளப்பன் வரப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தலைப்பாகை அவிழ்ந்து, பேட்டரி புதைத்த இடத்தில் கிடந்தது. சேற்றுக்குள்ளிருந்து மஞ்சளாக ஐந்து சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"முளைச்சிருச்சு!" என்று அலறினார் அம்பலவாணன். "ஒரே நாள்ல முளைச்சிருச்சுடா!"

சிங்காரவேலு ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நிபுணர் அல்லவா, அவசரப்படவில்லை.

"கரண்டேதான். இளசு. பல்பு மாதிரி மஞ்சளா இருக்கு, கதகதன்னும் இருக்கு."

"சுவிட்ச் எங்க இருக்கு பாரு" என்றார் அம்பலவாணன்.

சிங்காரவேலு அதன் வயிற்றை மெல்ல ஒரு விரலால் அழுத்தினார். அது 'கீ' என்று கத்தி, அவர் உள்ளங்கையை நனைத்தது.

"ஆன்லதாண்ணே இருக்கு" என்றார் சிங்காரவேலு. "ஆனா கொஞ்சம் லீக் ஆகுது."