மேலு அரிக்குது

தூத்துக்குடியில், டாக்டராக ஆசைப்படும் ஏழைப் பிள்ளைகளுக்கான கோடை முகாமுக்கு ஆள் எடுத்தார்கள். எடுத்தவர் டாக்டர் தயாபரன். சென்னையிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மிடுக்குக்கு மட்டும் குறைச்சலில்லை.

உப்பளத் தொழிலாளி மகள் மாடத்தி வந்து நின்றாள்.

"உன் பரம்பரையில யாராவது டாக்டர் உண்டா?"

"இல்ல சார். அது என்ன, பரம்பரை வியாதியா?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. தன்னிடம் வைத்தியத்துக்கு வந்து வெளியே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவைக் கூப்பிட்டார். "மூணு நாளா இவர் வியாதி எனக்கே பிடிபடல. தொடாம, ஒரே கேள்வியில கண்டுபிடி. இல்லேன்னா இடம் கிடையாது."

மாடத்தி தாத்தாவிடம் கேட்டாள். "டாக்டர்கிட்ட என்ன சொன்னீய?"

"மேலு அரிக்குதுன்னேன் தாயி. பேன் மருந்து எழுதிக் குடுத்துட்டாரு."

தாத்தா தலையைத் தடவிக்கொண்டார். பளபளவென்று வழுக்கை.

"சட்டையக் கழத்துங்க தாத்தா."

நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பாகத் தடிப்புகள்.

"சார், எங்க ஊர்ல மேலுன்னா தலை இல்ல, உடம்பு. மேலு கழுவுறோம்னா குளிக்கிறோம்னு அர்த்தம்."

டாக்டர் கனைத்துக்கொண்டார். "சரி, உனக்கு இடம் உண்டு. முகாம்ல உனக்கு வழிகாட்டி நான்தான்."

"சந்தோஷம் சார். அப்ப உங்களுக்கு யாரு?"