மகரம் வண்டியின் கூரை

சூசைமுத்து இருபத்தாறு வருஷம் பஸ்ஸுக்குக் கூடு கட்டியவர். ஐம்பத்து மூன்று வயதில் காருக்கு வடிவம் வரையக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. கோயம்புத்தூரில் மரகதவல்லி அம்மாளின் கார் கட்டும் பட்டறையில் போய்ச் சேர்ந்தார். அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். சூசையை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

ஆலை முதலாளி ஒருவர், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு நீளக் கார் கேட்டிருந்தார். மகரம் என்று அதற்குப் பேரும் வைத்தாயிற்று. வரைகிற பொறுப்பை அம்மாள் சூசையிடம் விட்டார்.

ஏழு மாதம் உழைத்தார் சூசை. மூக்கிலிருந்து வால்வரை ஒரே கோடு, தண்ணீரில் நழுவும் மீன்போல. அதை முழு அளவில் மரத்தில் செய்து நிறுத்தினார். கூரை அவர் நெஞ்சுக்குத்தான் வந்தது. சாப்பாட்டை மறந்து அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

“கம்பீரம் வந்திருச்சுங்களாம்மா?”

அம்மாள் பட்டறை ஆட்களைக் கூப்பிட்டார். “எல்லாரும் ஒருக்கா ஏறி இறங்குங்க.”

கொல்லர் ரங்கசாமி முதுகை வளைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். வாட்ச்மேன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மெருகு போடும் பாவாயி தவழாத குறையாக வெளியே வந்தாள். அவள் கொண்டையிலிருந்த கனகாம்பரம் கூரை விளிம்பில் மாட்டிக்கொண்டது.

“அந்தப் பூவை எடுத்துக் குடுங்ணா” என்றார் அம்மாள்.

சூசை பூவை எடுத்துக் கொடுத்தார். பிறகு ரம்பத்தை எடுத்தார். கூரையை அவரே அறுத்தார். யாரையும் தொட விடவில்லை.

நாலு விரல் உயர்த்தியதுமே அந்த ஒற்றைக் கோடு கெட்டுப்போனது. இரண்டு நாள் அழித்து அழித்து வரைந்து பார்த்தார். மூன்றாம் நாள் மூக்கை ஒரு சாண் நீட்டினார். வாலைத் தாழ்த்தினார். கோடு திரும்பி வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. இப்போது அது மீனாக இல்லை. யானை நடந்து வருகிற மாதிரி இருந்தது.

கார் கண்காட்சியில் நாவற்பழ நிறத்தில் மகரம் நின்றது. கூட்டம் மொய்த்தது. மெட்ராஸிலிருந்து வந்த கார் நிபுணர் ஒருவர், கோட்டும் தொப்பியுமாக, வண்டியைச் சுற்றி வந்தார்.

“எல்லாம் பிரமாதம். கூரையை மட்டும் நாலு விரல் இறக்கியிருந்தா இது ராஜா வண்டி!”

சூசைக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தார். அம்மாள் கையமர்த்திவிட்டுப் பின்கதவைத் திறந்தார்.

“உக்காந்து பாருங்க சார்.”

அவர் தொப்பியோடு ஏறினார். மெத்தையில் சாய்ந்தார். தொப்பியோடு இறங்கினார். காலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். முன்னால் நின்றவர்கள் தாங்களாகவே விலகி வழிவிட்டார்கள்.



அம்மாள் சூசை பக்கம் திரும்பினார்.

“ராஜா இறங்கீட்டாருங்ணா. கதவைச் சாத்துங்க.”