சடகோபனின் நாற்காலி

போன மாதம் தளம் இடிந்து ரெண்டு பேரை விழுங்கிய இடம் அது. அங்கேயே புதுசாகப் போட்ட காங்கிரீட் இறுகுவதற்குள், தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக்கம்புகளைத் தட்டி எடுக்கச் சொன்னார் இன்ஜினியர் சடகோபன். கம்புகள் அடுத்த சைட்டுக்குப் போகணுமாம். பயிற்சிக்கு வந்திருந்த மரியசெல்வி, “வேணாம் சார்” என்றாள்.

“ஃபேக்டர் ஆஃப் சேஃப்டின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?” பாடத்தில் வரும் அந்தப் பாதுகாப்புக் கணக்கை, ஆட்கள் முன்னால் அவள் மானத்தை வாங்கத்தான் கேட்டார்.

“நீங்க நிக்கிற இடத்துக்கும் எங்களை நிக்கச் சொல்ற இடத்துக்கும் உள்ள தூரம் சார்.”

“கொழுப்பா? தளம் பாறை மாதிரி இருக்கு!”

அவள் அவருடைய நாற்காலியைத் தூக்கிப்போய்த் தளத்துக்கு நேர்கீழே போட்டாள். “உக்காருங்க சார். தட்டிடறோம்.”

சடகோபன் அசையவில்லை. ஆட்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள்.

சாயங்காலம் வரை நாற்காலி காலியாகவே கிடந்தது. பக்கத்தில், போன மாதம் செத்தவர்களின் செருப்புகள்.