அரண்மனைப் பிள்ளை

முன்னொரு காலத்தில், மனசு இளகினால் போதும், மந்திரியைக்கூடக் கேட்காமல் சட்டம் போட்டுவிடும் ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் நகர்வலத்தில் அநாதைப் பையன் ஒருவன் எச்சில் இலை பொறுக்குவதைப் பார்த்துவிட்டார். தேரைவிட்டு இறங்குவதற்குள் சட்டம் தயார். உழைக்கத் தெம்பும் ஆதரிக்க ஆளும் இல்லாதவர் எவராயினும் இனி அரண்மனைப் பிள்ளை. அரண்மனைப் பிள்ளைக்கு மொட்டையடித்து, வயிற்றைச் சுத்தம் செய்து, பிள்ளைக்கூடத்தில் விடுவார்கள். பன்னிரண்டு வருஷம் வாசலைத் தாண்ட முடியாது. பெற்றவளும் வந்து பார்க்க முடியாது.

நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். அது வஞ்சியின் தலையில் வந்து விடிந்தது.

வஞ்சி அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் குத்துகிறவள். கூலி, முறத்தில் மிஞ்சும் நொய். புருஷன் செங்காடன் அவளை விட்டுப் போனபோது மகள் மருக்கொழுந்துக்குப் பல்கூட முளைக்கவில்லை. இரண்டு வண்டி, நாலு காளை வைத்திருந்தவன் அவன். குழந்தைக்குச் சோறு கேட்டு வஞ்சி போன அன்றே எல்லாவற்றையும் அக்காள் பேருக்கு மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அக்காள் புருஷன் யார் தெரியுமா? சாட்சாத் தளவாய் இருளப்பர்.

வேறு வழியில்லாமல் வஞ்சி சபையில் முறையிட்டாள். என் கூலி இரண்டு வயிற்றுக்குப் போதவில்லை, அவரும் உழைத்துக் கொடுக்கட்டும் என்றாள். அந்தச் சொல்லையே தளவாய் பிடித்துக்கொண்டார். போதவில்லை என்று தாயே ஒப்புக்கொண்டாள், தகப்பனும் வக்கற்றவன், ஆகவே குழந்தை அரண்மனைப் பிள்ளை என்றார். வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வதாகத் தீர்ப்பாயிற்று.

நியாயம் கேட்கப் போய்ப் பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறோமே என்று வஞ்சி பயந்தாள். உலக்கை போடும்போதும் குழந்தையை முதுகிலிருந்து அவிழ்க்கவில்லை. காவலர் செருப்புச் சத்தம் கேட்டாலே கை நின்றுவிடும். கடைசியில் அரண்மனை விகடகவி பூதலனின் காலில் போய் விழுந்தாள். தளவாய்க்கு அவனைக் கண்டாலே ஆகாது, அதனாலாவது உதவுவான் என்று நம்பினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழந்தையோடு சபைக்கு வா என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. பூதலன் எழுந்து கும்பிட்டான்.

"மகாராஜா, தாங்கள் போட்ட சட்டம் ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற வேண்டும். தாமதம் கூடாது."

வஞ்சிக்குக் காது அடைத்துப்போயிற்று. இவனும் அவர்கள் ஆள்தானா? நாலு பேர் ஒரு பெரிய மரத்தொட்டிலைத் தூக்கி வந்து நடுச்சபையில் வைத்தார்கள். பின்னால் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் வைத்தியர், விளக்கெண்ணெய்ச் செம்போடு. வஞ்சி இறுக்கிய இறுக்கலில் குழந்தை வீறிட்டது. ஓடலாமென்றால் வாசலில் ஈட்டி.

பூதலன், தளவாய்க்குப் பக்கத்தில் நின்ற செங்காடனைப் பார்த்து, சபையறிய உன் நிலைமையைச் சொல் என்றான்.

செங்காடன் மனப்பாடமாக ஒப்பித்தான். "மகாராஜா, எனக்குச் சொத்து இல்லை. உழைக்க உடம்பில் தெம்பு இல்லை. ஆதரிக்க ஒரு நாதி இல்லை. இது சத்தியம்."

தளவாய் தலையாட்டினார். நாவிதர் நடந்து வந்தார். வஞ்சி கண்ணை மூடிக்கொண்டாள். காலடி அவளைத் தாண்டிப் போயிற்று. கண்ணைத் திறந்தபோது நாவிதர் செங்காடனின் குடுமியை நனைத்துக்கொண்டிருந்தார்.

"மகாராஜா," என்றான் பூதலன், "இந்தக் குழந்தைக்கு உழைக்கிற தாய் இருக்கிறாள். தெம்பும் நாதியும் இல்லை என்று சத்தியம் செய்தவர் சபையில் ஒருவர்தான். எவராயினும் என்பது தங்கள் வாக்கு. வயதை அது சொல்லவில்லை. அரண்மனைப் பிள்ளையைத் தொட்டிலில் போட உத்தரவாக வேண்டும்."

ராஜாவின் மீசைக்குள் சிரிப்பு துடித்தது. உத்தரவானது. தொட்டிலுக்குள் உட்காரவைத்ததும் செங்காடன் தளவாயைப் பார்த்தான். வாயைத் திறந்தால் வண்டியும் காளையும் யாருடையவை என்ற பேச்சு வரும், அதனால் தளவாய் கூரையைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் வாசல் கிடையாது. கத்தி உச்சந்தலையில் பட்டது, விளக்கெண்ணெய் மூக்குக்கு நேரே வந்தது. பயம் இப்போது இடம் மாறியிருந்தது. செங்காடன் அலறிக்கொண்டு தொட்டிலைவிட்டுத் துள்ளிக் குதித்தான். நாலு பேர் சுமந்த தொட்டிலைத் தனியாளாகத் தூக்கி வைத்தியருக்கும் தனக்கும் நடுவே பிடித்துக்கொண்டான்.

"தெம்பு வந்துவிட்டது, மகாராஜா," என்றான் பூதலன்.

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். சொத்து கைமாறிய கதையையும் பூதலன் எடுத்துச் சொல்ல, வண்டியும் காளையும் அக்காள் வீட்டிலிருந்து திரும்பின. செங்காடன் களஞ்சியத்துக்கு மூட்டை ஏற்ற வேண்டும், கூலியில் பாதி அவன் கைக்குப் போகாமலே குழந்தைக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பு மாறியது. உனக்கு என்னம்மா வேண்டும் என்று ராஜா வஞ்சியைக் கேட்டார்.

"உலக்கை போதும், மகாராஜா. என் பங்கை நான் உழைக்கிறேன். அவர் பங்கை அவர் உழைக்கட்டும்."

பூதலனுக்கு முத்துமாலை கிடைத்தது. அவன் கூடவே அந்தச் சட்ட ஓலையையும் கேட்டு வாங்கி வஞ்சியிடம் கொடுத்தான். அவள் அதை அடுப்பில் வைத்து நொய்க்கஞ்சி காய்ச்சினாள். ஓலை முழுக்கக் கரியாகிறவரை பார்த்திருந்துவிட்டு, அப்புறம்தான் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் விட்டாள்.