ஆவாரங்கரட்டுக் கிணற்றின் பூஜ்யம்

ஊர் என்று இருந்தால் அதில் ஒரு முட்டாளாவது இருப்பான். அவனைப் பார்த்துச் சிரித்து மற்றவர்கள் பொழுதைப் போக்குவார்கள். ஆவாரங்கரட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே சிரிப்பதற்கு ஆள் மிஞ்சவில்லை.

அந்த ஊரில் நாச்சிமுத்து என்று ஒருவன். ஊர்க்கிணற்றுக்குப் பத்தடி தள்ளி அரை ஏக்கரில் கத்தரி வைத்திருந்தான். செடி பூத்துப் பிஞ்சு விட்டிருந்தது. அவன் தங்கை மகளுக்கு இந்தக் கதை தொடங்கி ஒன்பதாம் நாள் காதுகுத்து. விருந்துக்கு வேண்டிய கத்தரிக்காய் மூன்று மூட்டையும் என் தோட்டத்துக் காய்தான் என்று சம்பந்தி வீட்டார் நடுவில் மார்தட்டிவிட்டு வந்திருந்தான். அவன் மச்சான் பொல்லாதவர். காய் வந்தால் உங்கள் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்துவேன், வராவிட்டால் உங்கள் தம்பி அய்யாவுவின் மடி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நாச்சிமுத்துவுக்கு அந்தக் குழந்தை மேல் உயிர். மடியில் உட்கார்த்தினால் ஆடாமல் இருக்க வேண்டுமே என்று ஒரு பூசணிக்காயை வைத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

தண்ணீருக்குக் கவலையில்லை. ஊர்க்கிணறு பெரிய சதுரக் கிணறு, நாலு பக்கமும் கல்படி. கோடையிலும் வற்றாது. தண்ணீர் பாட்டுக்குத் தண்ணீர் கிடந்தது. அதை ஒருவர் வந்து அளக்கும்வரை ஒரு குறையும் இல்லை.

அளக்க வந்தவர் ஒரு பெண் அதிகாரி. ஜீப்பில் வந்து இறங்கினார், கயிறு விட்டுப் பார்த்தார், தரைமட்டத்தில் கிணற்றுச் சுவரில் ஒரு சிவப்புத் தகட்டை முளையடித்து மாட்டினார். அதில் வெள்ளையில் ஒரு பூஜ்யம் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கரும்பலகையும் வைத்தார். ஊர் கூடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“இந்தத் தகடுதான் பூஜ்யம். இதுக்கு மேல போனா பிளஸ், கீழ போனா மைனஸ். இன்னிக்குத் தண்ணி இருபதடி கீழ இருக்கு, அதனால மைனஸ் இருபது. தினம் அளந்து பலகைல எழுதுங்க” என்றார் அதிகாரி. பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இன்னொன்றும் சொன்னார்: “பூஜ்யத்தை எங்க வேணாலும் வெச்சுக்கலாம். வெச்ச எடத்துலருந்து அளக்கணும், அவ்வளவுதான்.”

மாடு மேய்க்கிறவனுக்குக்கூட விளங்குகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் ஆவாரங்கரட்டில் மாடு மேய்க்கிறவனும் ஆவாரங்கரட்டுக்காரன்தான். ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் ஊர்ப் பெரியதனம் கருத்திருமன் கிணற்றடியிலேயே கூட்டம் போட்டார்.

கூட்டத்தில் விளக்கம் சொல்ல எழுந்தவன் செங்கோடன். எட்டாம் வகுப்பில் நான்கு வருடம் படித்தவன். மற்றவர்கள் ஒரே வருடத்தில் முடித்துவிடுகிறார்கள், இவன் நாலு வருடம் படித்திருக்கிறானே என்று ஊருக்கு அவன்மேல் பெரிய மரியாதை.

பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று அவன் தொடங்கினான். ஊர் தலையாட்டியது. மைனஸ் என்றால் அந்த ஒன்றுமில்லைக்கும் கீழே. ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்துசேரவே நமக்கு இன்னும் இருபதடி தண்ணீர் வேண்டும். ஊர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டது.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான். உள்ளே தண்ணீர் வெயிலில் மின்னியது. அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த ஊரில் அப்படி ஒன்று வருவது அபூர்வம்.

“ஏனுங்க, தண்ணி கண்ணுக்குத் தெரியுதுங்களே.”

“தெரியறது தண்ணியில்ல. தண்ணி இல்லாமை, இருபதடிக்கு நிக்குது” என்றான் செங்கோடன்.

நாச்சிமுத்து மறுபடி எட்டிப் பார்த்தான். சொன்ன பிறகு அவனுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரிசிப் பானையோ உப்புச் சாடியோ அடி தெரிகிற மாதிரி குறைந்துவிட்டால் அதில் கைவிடக் கூடாது, முதலில் நிரப்ப வேண்டும், பிறகுதான் எடுக்க வேண்டும். எல்லா ஊரிலும் பெண்கள் சொல்வதுதான். மற்ற ஊர்களில் சொல்லிவிட்டு அவசரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆவாரங்கரட்டில் நிரப்புகிறவரை பட்டினி கிடப்பார்கள். அடி தெரிந்த பானைக்கே இந்தக் கதி என்றால் அடிக்கும் கீழே இருபதடி போன கிணற்றை என்ன செய்வது? கருத்திருமன் தீர்ப்புச் சொன்னார். கிணறு பூஜ்யத்துக்கு ஏறுகிறவரை ஒரு சொட்டு இறைக்கக் கூடாது. இரண்டு மைல் தள்ளி ஓடையில் நீர் இருக்கிறது, வீட்டுக்குப் பத்துக் குடம் கொண்டுவந்து கிணற்றில் ஊற்ற வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து ஊரே குடத்தோடு நடந்தது. ஓடையில் மொண்டு, தோளில் சுமந்து, கிணற்றில் ஊற்றிவிட்டுத் திரும்பியது. நாச்சிமுத்து ஒவ்வொரு நடைக்கும் தன் கத்தரிச் செடிகளைக் கடந்துதான் போக வேண்டும். இலை வாடித் தொங்குவது அவனுக்குத் தெரிந்தது. குடம் தளும்பி நாலு சொட்டு செடிமேல் விழுந்தபோது, ஊர்த் தண்ணீரைத் திருடிவிட்டோமே என்று பதறிப்போய் அந்த ஈரமண்ணைச் சுரண்டி எடுத்துக் கிணற்றில் போட்டான்.

அவன் மனைவி பாவாத்தாள் வெளியூரில் பிறந்தவள். அதை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. “நெறகுடத்தத் தூக்கிக்கிட்டு வாடற செடியத் தாண்டிப் போய்க் கெணத்துல ஊத்தற ஆம்பளைய நான் எங்கயும் பார்த்ததில்ல” என்றாள். நாச்சிமுத்து அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

மூன்று நாள் ஊற்றினார்கள். சாயங்காலம் அளந்தால் ஒரு விரற்கடை ஏறியிருக்கும். காலையில் அளந்தால் பழையபடி மைனஸ் இருபது. தோள்பட்டை வீங்கியதுதான் கண்ட பலன். நான்காம் நாள் செங்கோடன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ கேட்டது நினைவு வருகிறது என்றான். மைனஸும் மைனஸும் சேர்ந்து கணக்குப் போட்டால் பிளஸ் வருமாம். கிணறு ஒரு மைனஸ். இன்னொரு மைனஸ் எங்கே கிடைக்கும் என்று ஊர் தேடியது. கடைசியில் வெறுங்குடம்தான் மைனஸ் என்று முடிவாயிற்று.

கயிற்றில் கட்டி ஒரு வெறுங்குடத்தைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்தார்கள். குடம் தளும்பத் தளும்ப நிறைந்து வந்தது.

கருத்திருமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்வி என்றால் இதுதான் என்றார். நான்கு வருடம் படித்தது வீண்போகவில்லை என்று செங்கோடனுக்குத் துண்டு போர்த்தினார்கள்.

பிறகு அந்த நிறைகுடத்தைக் கிணற்றிலேயே ஊற்றினார்கள். இனி இரண்டு மைல் நடக்க வேண்டியதில்லையே. அன்று முழுக்க ஊரே கிணற்றைச் சுற்றி நின்று, வெறுங்குடத்தை இறக்கி, நிறைகுடத்தை ஏற்றி, கிணற்றில் ஊற்றியது. நாச்சிமுத்து மட்டும் நூற்று முப்பது குடம் ஊற்றினான். ஊர்க் கிணற்றுக்கு இவ்வளவு செய்தவன் எவனும் இல்லை என்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பத்தடி தள்ளிக் கத்தரிப் பிஞ்சுகள் சுருங்கிக் கொண்டிருந்தன.

மறுநாள் காலை அளந்தார்கள். மைனஸ் இருபது.

ஏழாம் நாள் பாவாத்தாளுக்குப் பொறுமை போயிற்று. சோறு போடும்போது தட்டை ஓங்கி வைத்தாள். “நம்பரப் பார்த்துத்தானே பயப்படறீங்க? அந்தத் தகட்டப் பிடுங்கித் தண்ணிக்கடியில அடிச்சுப்போடுங்க, எல்லாம் பிளஸ் ஆயிரும்” என்றாள். எரிச்சலில் சொன்னது. நாச்சிமுத்து சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். இது தனக்குத் தோன்றிய யோசனை என்றே கூட்டத்தில் சொன்னான். பூஜ்யத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அந்த அம்மாவே சொன்னாரே என்று செங்கோடனும் ஒத்துக்கொண்டான்.

தகட்டைப் பிடுங்கினார்கள். நாச்சிமுத்துவே படியில் இறங்கி, தண்ணீருக்கு ஒரு அடி கீழே கையை விட்டு, சுவரில் முளையடித்து மாட்டிவிட்டு ஏறி வந்தான். கருத்திருமன் பலகையில் எழுதினார்: தண்ணீர், பிளஸ் ஒன்று.

ஊர் ஆடியது, குலவையிட்டது. கிணறு கரையேறிவிட்டது, இனி இறைக்கலாம். நாச்சிமுத்துவின் செடிக்கு முதல் குடம் என்று ஊரே ஒருமனதாகச் சொன்னது. அவன் குடத்தை எடுத்துக்கொண்டு ஓர் அடி வைத்தான். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, ஒரு மூட்டையாவது தேறும், குழந்தை மடியில் உட்கார்ந்துவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது.

“இருங்க” என்றான் செங்கோடன். கையில் அளக்கிற கயிறு இருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது. “பூஜ்யம் அங்க கீழ போயிருச்சு. அங்கிருந்து அளந்தேன். இந்தத் தரை பிளஸ் இருபத்தொண்ணு.”

“அப்படின்னா நாம எங்க நிக்கறோம்?” என்று கேட்டார் கருத்திருமன்.

“அந்தரத்துல, பெரியதனம். இருபத்தோரடி ஒசரத்துல.”

ஊர் மொத்தமும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. நாச்சிமுத்துவின் கையிலிருந்த குடம் நழுவி உருண்டது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்திலிருந்த வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்தான். சிலர் இடுப்பில் கயிறு கட்டிக் கொண்டார்கள். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் வயிற்றால் ஊர்ந்து போனார்கள். இதுவரை விழாமல் இருந்தது எப்படி என்று கேட்டதற்கு, இதுவரை அளக்கவில்லையே என்றான் செங்கோடன்.

ஆடுகள் மட்டும் சாவகாசமாக மேய்ந்து கொண்டிருந்தன. அதுகளுக்குக் கணக்குத் தெரியாது, பாவம் என்றார் கருத்திருமன். பாவாத்தாள் தலையில் புல்லுக்கட்டோடு நிமிர்ந்து நடந்து வந்ததைப் பார்த்து இரண்டு பேர் மயங்கியே விழுந்தார்கள்.

இரண்டு நாள் இப்படிக் கிடந்தார்கள். நாச்சிமுத்து மரத்தை விடவில்லை. கண்ணெதிரே பத்தடியில் கிணறு, பத்தடியில் செடி. எழுந்து நடந்தால் எண்ணி இருபது எட்டு. அந்த இருபது எட்டை வைக்க அவனால் முடியவில்லை. செடி காய்ந்து குச்சியானதை அவன் இரண்டு நாளும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒன்பதாம் நாள் காலை கருத்திருமன் ஊர்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார். மனிதர் இருக்க வேண்டிய இடம் பூஜ்யம். பூஜ்யம் கிணற்றுக்குள் இருக்கிறது. ஆகவே ஊர் கிணற்றுக்குள் குடியிறங்க வேண்டியது. ஒருவர் பின் ஒருவராகப் படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். தகட்டுக்கு நேரான படியில் கால் வைத்ததும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆனால் செங்கோடனுக்கு நிம்மதி ஏது? கால் பூஜ்யத்தில் இருக்கிறது, தலை பிளஸ் ஐந்தில் இருக்கிறதே, தலைதானே சுற்றும் என்றான். இன்னும் மூன்று படி இறங்கினார்கள். நாலு பக்கமும் ஊர் முகவாய் வரை தண்ணீரில் நின்றது. இப்போதுதான் எல்லோருக்கும் தரையில் இருக்கிற உணர்வு வந்தது.

மேலே பாவாத்தாள் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் திட்டவும் தெம்பில்லை.

“ஏனுங்க, உங்க தங்கச்சி ஊட்டுல இருந்து ஆளு வந்துட்டுப் போறான். மூட்டை போய்ச் சேரலீங்களாம். அய்யாவு மடில வெச்சுக் காது குத்தியாச்சாம்.”

கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு நாச்சிமுத்து அதைக் கேட்டான். பூசணிக்காயை வைத்துப் பழகிய மடி தண்ணீருக்குள் எங்கோ இருந்தது. முட்டாளாக இருந்தால் என்ன, வலிக்கிறது வலிக்கத்தான் செய்யும். அவன் உதடு கோணியது. பிறகு வாய்விட்டு அழுதான். கண்ணீர் தாடையில் வழிந்து பொட்டுப் பொட்டாகக் கிணற்றில் விழுந்தது.

ஊர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றது. செங்கோடன் மட்டும் சுவரையே உற்றுப் பார்த்தான். இத்தனை பேர் இறங்கியதில் தண்ணீர் ஏறித்தான் இருந்தது, ஆனால் அது அவன் கண்ணில் இப்போதுதான் பட்டது. கயிற்றை எடுத்து அளந்தான். இரண்டாம் தடவையும் அளந்தான்.

“பிளஸ் ஒண்ணே கால்” என்றான். “நிறுத்திராதீங்க நாச்சிமுத்து. நல்லா அழுவுங்க.”

கருத்திருமன் உடனே தண்ணீருக்குமேல் கையைத் தூக்கி ஊருக்கு உத்தரவிட்டார். வீட்டுக்கு ஒரு துக்கம் கட்டாயம், இருக்கிறவர்கள் இப்போதே எடுத்து அழ வேண்டும், இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.