தேனீப் பெட்டியின் வாசல்

மாசிலாமணிக்கு வயது அறுபத்தைந்து. அவருடைய குரு செங்கமலத்தம்மாவுக்கு முப்பத்தாறுதான். பிளஸ் டூவில் அம்மாவுக்கு இயற்பியல் நடத்தியவரே இவர்! அதனால் அம்மாவின் ஆசிரமத்தில் குரு சீடரை "சார்" என்பார்.

மனைவி இறந்து நான்கு மாதம். மாசிலாமணி ஒரு முடிவோடு வந்து நின்றார்.

"நாற்பது நாள் அறையைச் சாத்திக்கிறேன், அம்மா. ஆள் வேண்டாம், சாப்பாடு வேண்டாம்."

"எதுக்காம்?"

"விட்டுட்டா எல்லாமே சிதறும். அது இயற்பியல் விதி. உங்களுக்கு நானே நடத்தினேன். உள்ளே மிச்சம் இருக்கிறதாவது சிதறாம இருக்கட்டும்."

"அப்போ உயிரெல்லாம் எப்படி ஒழுங்கா நிக்குது? விதியை மீறியா?"

"அதுதான் எனக்கும் புரியல."

"புரியாமலே சாத்திக்குவீங்களா? நல்ல நியாயம்!" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க வளர்க்கிற தேனீப் பெட்டியை முதல்ல சாத்துங்க. பார்ப்போம்."

உச்சி வெயில். மாசிலாமணி தயங்கித் தயங்கிப் பெட்டியின் வாசல் இடுக்கில் துணியைத் திணித்தார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே இரைச்சல் ஏறியது. பலகையில் கை வைத்தவர் பதறிப்போய்த் துணியைப் பிடுங்கி எறிந்தார்.

தேனீக்கள் வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறின. உள்ளிருந்த சூடு அவர் முகத்தில் அடித்தது. செத்த தேனீக்களைச் சில இழுத்து வந்து வெளியே தள்ளின. அவற்றைத் தாண்டிக்கொண்டு மற்றவை தேனும் தண்ணீருமாய் உள்ளே நுழைந்தன.

மாசிலாமணி அப்படியே குந்திவிட்டார்.

"விதி தப்பல, அம்மா. உள்ளே ஒழுங்கு. அதுக்கு ஈடா சூடும் குப்பையும் வெளியே போயிடுது."

"பாதி மார்க்."

"பாதியா! ஏன்?"

"உள்ளே வர்றதை யார் சொல்றது? பட்டினி போட்டா விசிற இறக்கை எழும்புமா?"

நேற்று முதலே மாசிலாமணி சாப்பிடவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

"அறைக்குள்ள போய் என்னம்மா செய்யப் போறேன்," என்றார் அவர் கடைசியில். "எல்லார் முன்னாலேயும் உடைஞ்சிடுவேனோன்னு பயம், அதான்."

அம்மா அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"பந்தியில உட்காருங்க, சார். சாப்பிடுங்க. அழுகை வந்தா இலை முன்னாலேயே அழுங்க."